செய்தவர் யார் என்று கேட்டு வாங்குங்கள்

நவஜீவன் எக்ஸ்பிரஸில் சென்னைக்குத் திரும்ப டிக்கெட் போட்டிருக்கிற உறவினர்கள் எல்லோரும் கடைசி நாளில் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: “ஊருக்குக் கொண்டுபோக இங்கே என்ன வாங்கலாம்?” அகமதாபாத்தின் மணிநகர்ப் பகுதியில் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். எங்கள் வீடுகளுக்கு வருகிறவர்கள் சபர்மதி ஆசிரமம், அடாலஜ் படிக்கிணறு, சித்தி சையத் மசூதி என்று சுற்றிப் பார்த்துவிட்டு, பொழுது சாயும் நேரத்தில் கடைவீதியில் வந்து நிற்பார்கள். நான் மதுரையில் பிறந்து இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். துணிமணி விஷயத்தில் என் பேச்சுக்கு உறவில் கொஞ்சம் மதிப்பு உண்டு. அந்த உரிமையில் சொல்கிறேன்: இந்த ஊரில் விற்பதெல்லாம் இந்த ஊர்ப் பொருள் அல்ல. உண்மையான உள்ளூர்ப் பொருள் வேண்டுமென்றால், செய்தவர் யார் என்று கேட்கும் பழக்கமும், அவர் சொல்லும் விலையைக் கொடுக்கும் மனமும் நமக்கு வேண்டும்.

பெருமையும் கடைவீதியும்

வடிவமைப்பு என்ற சொல்லோடு இந்தியாவில் அகமதாபாத் அளவுக்குப் பின்னிக் கிடக்கும் ஊர் வேறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. 1411இல் அகமது ஷா நிறுவிய நகரம் இது. துணியாலைகளால் வளர்ந்தது. ஆலை முதலாளிகளின் ரசனையால் 1949இல் காலிகோ ஜவுளி அருங்காட்சியகம் வந்தது. ஆலை உரிமையாளர் சங்கத்துக்கு லெ கார்புசியே கட்டடம் கட்டிக்கொடுத்தார். இந்திய மேலாண்மைக் கழகத்தின் செங்கல் வளாகம் லூயி கான் வடிவமைத்தது. கட்டடக் கலைக்கான பிரிட்ஸ்கர் விருதை 2018இல் பெற்ற முதல் இந்தியரான பி.வி. தோஷி இங்கேயே வாழ்ந்து பணியாற்றியவர். 1961இல் தேசிய வடிவமைப்பு நிறுவனம் சபர்மதிக் கரையில் தொடங்கப்பட்டது. 2017இல் யுனெஸ்கோ இந்த ஊரை உலகப் பாரம்பரிய நகரமாக அறிவித்தது. இந்தியாவில் அந்தப் பெருமையைப் பெற்ற முதல் நகரம் இதுதான்.

இத்தனை பெருமையும் உள்ள ஊரின் கடைவீதியில் பயணிகள் கைக்கு முதலில் வருவது என்ன? சித்தி சையத் மசூதியில் மரமும் கொடியும் பின்னிப் படர்ந்த கல் சாளரம் ஒன்று இருக்கிறது. 1573 வாக்கில் செதுக்கப்பட்டது. மேலாண்மைக் கழகத்தின் சின்னமே அதிலிருந்து பிறந்ததுதான். அந்தச் சாளரத்தைப் பிளாஸ்டிக்கில் அச்சடித்துக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டும் காந்தமாகவும் சாவிக்கொத்தாகவும் விற்கிறார்கள். எந்த ஊரில் வார்த்தது என்று விற்பவருக்கே தெரியாது. அடுத்த கடையில் ‘பாந்தனி’ என்று அடுக்கியிருக்கும் புடவைகளில் பெரும்பாலானவை பாலியெஸ்டரில் புள்ளி அச்சடித்தவை. பட்டோலா என்று காட்டுவதும் அப்படித்தான். சூரத்தின் விசைத்தறிகளிலும் அச்சு ஆலைகளிலும் மைல் கணக்கில் ஓடிவரும் துணி அது. அந்தத் தொழிலும் பலருக்குச் சோறு போடுகிறது, அதை நான் பழிக்கவில்லை. முடிச்சுப்போட்டுச் சாயமேற்றும் கைவினையின் பெயரில் அதை விற்பதைத்தான் தவறு என்கிறேன்.

மதுரைக்காரர்களை இந்த விஷயத்தில் ஏமாற்றுவது கடினம். சௌராஷ்டிரத்திலிருந்து வந்த நெசவாளர்கள் கைப்பட வளர்ந்த சுங்குடியைப் பார்த்த கண்ணுக்கு, முடிச்சு அவிழ்த்த துணி எப்படி இருக்கும் என்று தெரியும். ஒவ்வொரு புள்ளியும் சிறு மொட்டுப்போல் புடைத்திருக்கும். துணி லேசாகச் சுருங்கி நிற்கும். ஒரு புள்ளியைப் போல் இன்னொன்று அச்சாக இருக்காது. அச்சடித்த துணி தட்டையாக இருக்கும், புள்ளிகள் அளவெடுத்தாற்போல் வரிசையில் நிற்கும், பின்பக்கம் வெளுத்திருக்கும். துணியைத் திருப்பிப் பார்க்க ஒரு நொடி போதும். அந்த ஒரு நொடியைத்தான் பயணிகள் பெரும்பாலும் செலவிடுவதில்லை.

வாஸ்ணாவில் ஒரு துணி

இந்த நகரத்துக்கே உரிய துணி ஒன்று இருக்கிறது. பெயர் ‘மாதா நீ பச்சேடி’. அம்மனுக்குப் பின்னால் தொங்கவிடும் திரைச்சீலை அது. கோயிலுக்குள் நுழைய விடாமல் ஒதுக்கப்பட்ட தேவிபூஜக் சமூகத்தார், துணியிலேயே கோயிலை எழுதி, அதைக் கட்டி நிறுத்தி அம்மனைக் கும்பிட்டார்கள் என்பது வழிவழியாக வரும் செய்தி. நடுவில் கோயிலும் அம்மனும், சுற்றிலும் வரிசை வரிசையாக அடியார்களும் விலங்குகளும் இருப்பார்கள். சேவல்மேல் பகுசரா, முதலைமேல் கோடியார், ஆட்டின்மேல் மேல்டி என்று ஒவ்வொரு அம்மனையும் வாகனத்தை வைத்தே அடையாளம் காணலாம். கறுப்பு, சிவப்பு, துணியின் வெண்மை ஆகிய மூன்றும்தான் அடிப்படை நிறங்கள். வாஸ்ணா பகுதியில் சித்தாரா குடும்பங்கள் சில இன்றும் இதை எழுதுகின்றன. அவர்களில் பானுபாய் சித்தாராவுக்கு 2023இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. அதே ஆண்டு இந்தத் துணிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. 2022இல் பாலியில் நடந்த ஜி20 மாநாட்டில் பிரிட்டன் பிரதமராக இருந்த ரிஷி சுனக்குக்கு இந்தியப் பிரதமர் கொடுத்த பரிசும் இதுதான்.

ஒன்றுவிட்ட அக்காவின் மகளை இப்படி ஒரு வீட்டுக்கு அழைத்துப்போனேன். சென்னையில் கணினி நிறுவனத்தில் வேலை பார்க்கிறவள். வாசல் திண்ணையில் வெள்ளைத் துணி விரித்திருந்தது. கடுக்காய்க் கஷாயத்தில் நனைத்துக் காயவைத்ததால் இளமஞ்சளாகத் தெரிந்தது. பக்கத்தில் ஒரு மண்பானை. அதில் துருப்பிடித்த இரும்புத் துண்டுகளும் வெல்லமும் தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தன. நாட்கணக்கில் புளித்தபின் வடிகட்டி, புளியங்கொட்டை மாவு சேர்த்துக் காய்ச்சினால் கறுப்பு மை. வீட்டுப் பெரியவர் நுனி நசுக்கிய மூங்கில் குச்சியை அதில் தோய்த்து, அம்மனின் புருவத்தை ஒரே இழுப்பில் எழுதினார். கடுக்காய்ச் சத்து ஏறிய துணியில் இரும்பு மை பட்டதும் கோடு கருத்தது.

சிவப்பு வரும் விதம் இன்னும் அழகு. சிவப்பு வேண்டிய இடத்தில் படிகாரக் கரைசலைத் தடவுகிறார்கள். அப்போது அங்கே சிவப்பின் சாயலே இல்லை. பிறகு ஓடும் தண்ணீரில் அலசி, அலிசரின் சாயமும் தாவ்டிப் பூவும் போட்ட செம்புக் கொப்பரையில் கொதிக்கவிட்டால், படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவந்து எழுகிறது. எழுதியவர் தன் படத்தை முழுதாகப் பார்ப்பது கொப்பரையிலிருந்து துணியைத் தூக்கும்போதுதான்.

எல்லாவற்றையும் பார்த்துவிட்டு அவள் என் காதருகே, “சித்தி, இதே மாதிரி ஆன்லைன்ல முந்நூறு ரூபாய்க்கு வருதே” என்றாள். அந்த வீட்டு அம்மாவுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் முகம் தெரிந்தது. பதில் பேசாமல் இரண்டு துணிகளை எடுத்துவந்து விரித்தார். ஒன்று கையால் எழுதியது, மற்றது கடைகளில் ஓடும் திரை அச்சு. இரண்டையும் புரட்டிப் போட்டார். எழுதிய துணியில் கோடு ஓரிடத்தில் தடித்து, ஓரிடத்தில் மெலிந்து, பின்பக்கமும் ஊறி நின்றது. அச்சுத் துணியின் பின்பக்கத்தில் நிழல் மட்டும்தான் இருந்தது. அக்கா மகள் கையகலத் துண்டு ஒன்றை வாங்கினாள். மூலையில் எழுதியவரின் கையெழுத்தும் கேட்டு வாங்கினாள். பேரம் பேசவில்லை.

கும்பகோணத்துப் பக்கத்தார் இதைப் படிக்கும்போது சிக்கல்நாயக்கன்பேட்டை நினைவுக்கு வரும். கருப்பூர் கலம்காரி என்று 2021இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தத் துணிக்கும் கடுக்காயும் துருவும் வெல்லமும்தான் மூலதனம். தமிழகத்துக்கும் குஜராத்துக்கும் பொதுவான கைப்பாடம் அது. இரண்டு ஊரிலும் எழுதத் தெரிந்த குடும்பங்கள் குறைந்துகொண்டுதான் வருகின்றன.

சொம்பும் காகிதமும் பட்டமும்

பச்சேடி வாங்க வசதி இல்லை என்பவர்களை ஞாயிற்றுக்கிழமை எல்லிஸ் பாலத்தின் கீழே கூடும் ரவிவாரிச் சந்தைக்கு அழைத்துப்போவேன். குஜரி பஜார் என்றும் சொல்வார்கள். அகமது ஷா காலத்திலிருந்தே நடக்கும் சந்தை என்பது ஊர்ப்பேச்சு. பழைய புத்தகம், கொல்லர் கருவி, கட்டில், ஆடு, கோழி, பித்தளைப் பாத்திரம் என்று எல்லாம் தரையில் பரப்பியிருக்கும். அங்கே நான் தேடச்சொல்வது ஒரு பழைய பித்தளைச் சொம்பு. இங்கே லோட்டா என்பார்கள்.

இதற்குக் காரணம் இருக்கிறது. இந்திய அரசின் அழைப்பில் வந்த அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்லஸ் ஈம்ஸும் ரே ஈம்ஸும் 1958இல் கொடுத்த அறிக்கையிலிருந்துதான் தேசிய வடிவமைப்பு நிறுவனம் பிறந்தது. இந்த நாட்டில் தாங்கள் பார்த்து வியந்த பொருள்களில் ஆக உயர்ந்ததாக அவர்கள் அதில் குறிப்பிட்டது இந்தச் சொம்பைத்தான். கைக்குள் அடங்கும் அளவு, இடுப்பில் நிற்கும் சமநிலை, ஊற்றும்போது நீர் விழும் விதம், கழுவ வசதியான வாய், விலை, உலோகத்தை மறுபடி உருக்கினால் கிடைக்கும் மதிப்பு என்று ஒவ்வொன்றாக யோசித்து, இதை ஒரு தனிமனிதர் வடிவமைத்திருக்க முடியாது, பல தலைமுறைகள் சேர்ந்து செதுக்கிய வடிவம் இது என்று எழுதினார்கள். நிறுவனத்தின் ஆதாரக் கல்லாக நிற்கும் அந்தப் பொருள் ரவிவாரிச் சந்தையில் எடைக்கு விற்கிறது. புதிதாக எதையும் வெட்டவோ உருக்கவோ வேண்டியதில்லை. வாங்கி, புளி போட்டுத் தேய்த்து, உள்ளே ஈயம் பூசிக்கொண்டால் இன்னும் இரண்டு தலைமுறை புழங்கலாம். சுற்றுச்சூழலுக்கு உகந்த பொருள் என்று சீட்டு ஒட்டி விற்கும் எதுவும் இதற்கு ஈடாகாது. பாத்திரங்களைப் பற்றி இன்னும் அறிய விரும்புகிறவர்கள் விஷாலாவில் உள்ள வேசார் அருங்காட்சியகத்துக்குப் போகலாம். நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பாத்திரங்கள் அங்கே இருக்கின்றன.

படிக்கிற பிள்ளைகளுக்குக் காகிதம் வாங்கிப்போகச் சொல்வேன். காந்தி ஆசிரமத்தோடு தொடர்புடைய கலம்குஷ் கைக்காகித நிலையம் 1950களில் தொடங்கப்பட்டது. பருத்தித் துணிக் கழிவை அரைத்துக் கூழாக்கி, சல்லடைச் சட்டத்தால் தொட்டியிலிருந்து ஒவ்வொரு தாளாக மொண்டு எடுத்து, பிழிந்து, காயவைத்துச் செய்கிற காகிதம். மரம் வெட்டத் தேவையில்லை. பேனா அதில் ஓடும் சுகம் தனி. நோட்டுப் புத்தகமாகவும் கடித உறையாகவும் கிடைக்கும், பையில் கனக்காது.

ஜனவரியில் வருகிறவர்களுக்குப் பட்டம். ஜனவரி 14 உத்தராயணத்துக்கு இந்த ஊரே மொட்டை மாடியில் இருக்கும். அதற்கான பட்டங்களை ஜமால்பூர், காலுப்பூர் சந்துகளில் பெரும்பாலும் முஸ்லிம் பெண்கள் வீட்டிலிருந்தபடி ஒட்டுகிறார்கள். ஒருவர் தாள் வெட்ட, ஒருவர் நடுக்குச்சி பதிக்க, ஒருவர் மூங்கில் சீவலை வில்லாக வளைத்து ஒட்ட, ஒருவர் ஓரத்தில் நூல் மடிக்க, பல கைகள் மாறித்தான் ஒரு பட்டம் முடிகிறது. தாளும் மூங்கிலும் பசையும் தவிர வேறொன்றும் இல்லை. சுவரில் மாட்டினாலும் அழகு. ஒரே வேண்டுகோள்: நைலான் மாஞ்சாவைத் தொடாதீர்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017இலேயே அதைத் தடைசெய்துவிட்டது. அது பறவையின் சிறகையும் மனிதர் கழுத்தையும் அறுக்கிறது.

உள்ளூர் என்பதன் எல்லை

இங்கே ஒரு நேர்மை வேண்டும். அகமதாபாத்தின் நல்ல கடைகளில் உள்ள பல பொருள்கள் வெகுதூரத்திலிருந்து வருகின்றன. அஜ்ரக் அச்சுத்துணி கட்ச்சில் உள்ள அஜ்ரக்பூரிலிருந்து வருகிறது. 2001 பூகம்பத்துக்குப் பிறகு, சாயத்துக்கு ஏற்ற தண்ணீர் தேடி இடம்பெயர்ந்த குடும்பங்கள் உருவாக்கிய ஊர் அது. பட்டோலா பாட்டனில் நெய்வது. நெய்வதற்கு முன்பே பாவு நூலிலும் ஊடை நூலிலும் கணக்குப்பார்த்துச் சாயமிட்டு, தறியில் பொருத்தி இழுக்கும் அந்தப் புடவை ஒன்றுக்கு மாதக்கணக்கில் உழைப்பு போகிறது. விலையும் லட்சங்களில்தான். இவற்றை அகமதாபாத்தில் வாங்குவதில் தவறில்லை. எங்கே செய்தது என்று கடைக்காரர் சொல்ல வேண்டும், வாங்குகிறவர் தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். 1972இல் இலா பட் தொடங்கிய சேவா அமைப்பின் ஹன்சிபா கடைகள், மாநில அரசின் கர்வி குர்ஜரி போன்ற இடங்களில் கேட்டால், பொருள் வந்த ஊரைச் சொல்வார்கள்.

‘இயற்கைச் சாயம்’ என்ற சொல்லையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். பச்சேடிக்கு ஊற்றும் அலிசரின் ஒரு காலத்தில் வேரிலிருந்து வந்தது, இன்று பெரும்பாலும் ஆலையில் தயாராவது. அதைச் சொல்லி விற்கிற கலைஞரை நான் கூடுதலாக மதிக்கிறேன். சாயத்தைவிடப் பெரிய சிக்கல் தண்ணீர். பச்சேடிக்கு ஓடும் நீர் வேண்டும். தேங்கிய நீரில் அலசினால் மை பரவிப் படம் கெட்டுவிடும். அதனால்தான் இந்தக் குடும்பங்கள் சபர்மதிக் கரையில் குடியிருந்தன. இன்று ஆற்றின் இருபுறமும் கான்கிரீட் சுவரும் நடைபாதையும் வந்துவிட்டன. நடப்பதற்கு அருமையான இடம். துணி அலச இடமில்லை என்பது நான் பேசிய குடும்பங்களின் குறை. வாஸ்ணா தடுப்பணைக்குக் கீழே ஆறு கழிவுநீராக ஓடுவதை 2021இல் குஜராத் உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்காக எடுத்தது. பத்மஸ்ரீயும் புவிசார் குறியீடும் கொடுத்த அரசுகள், துணி அலச ஒரு படித்துறையும் நல்ல தண்ணீரும் கொடுத்தால்தான் அந்தப் பட்டங்களுக்கு அர்த்தம் இருக்கும்.

பெயரும் விலையும்

சென்னையில் பிறந்து, தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் பல பத்தாண்டுகள் பாடம் நடத்திய எம்.பி. ரஞ்சனைத் தமிழர்கள் அதிகம் அறியவில்லை. அவரும் அதிதி ரஞ்சனும் தொகுத்து 2007இல் வெளிவந்த ‘ஹேண்ட்மேட் இன் இந்தியா’ என்ற பெருநூல், நாடு முழுவதும் உள்ள கைவினைகளை ஊர்வாரியாகப் பதிவுசெய்தது. எந்தப் பொருள் எந்த மண்ணில், எந்தச் சமூகத்தின் கையில் உருவாகிறது என்ற தகவல் அந்தப் புத்தகத்தில் இருக்கிறது. கடையில் தொங்கும் துணியில் இல்லை. விலைச்சீட்டில் கடையின் பெயர் இருக்கும், பட்டைக்குறியீடு இருக்கும், தள்ளுபடி இருக்கும். செய்தவர் பெயர் இருக்காது. வடிவமைப்பாளர் பெயரைப் பெரிதாகப் போடுகிற கடைகள்கூட, அச்சுக்கட்டை செதுக்கிய பேத்தாப்பூர்த் தச்சரின் பெயரைப் போடுவதில்லை.

இந்தப் பெயரில்லாமைதான் பேரத்துக்கு இடம் கொடுக்கிறது. யாரென்று தெரியாதவரின் உழைப்பைப் பாதி விலைக்குக் கேட்க நாம் கூசுவதில்லை. உணவகத்தில் சொன்ன விலையைக் கொடுக்கிறோம், விமானச் சீட்டுக்குக் கேட்ட பணத்தைக் கட்டுகிறோம், கைவினைஞர் முன்னால் உட்கார்ந்ததும் மட்டும் கெட்டிக்காரத்தனம் வந்துவிடுகிறது. அங்கே குறைக்கிற இருநூறு ரூபாய் நமக்கு ஒரு வேளைச் சிற்றுண்டி. அவருக்கு அது அன்றைய கூலி. இப்படிக் குறைத்துக் குறைத்துத்தான் கையால் எழுதுகிறவரைத் திரை அச்சுக்குத் தள்ளுகிறோம். பிறகு ‘அசல் கிடைப்பதில்லை’ என்று நாமே குறைபட்டுக்கொள்கிறோம்.

அரசுக்குச் சொல்ல இரண்டு விஷயங்கள் உண்டு. புவிசார் குறியீடு பெற்ற எந்தக் கைவினைப் பொருளிலும் செய்தவர் பெயர், ஊர், கையால் செய்ததா அச்சா என்ற விவரம் கட்டாயம் இருக்க வேண்டும். அந்தக் குறியீடுகளைப் பதிவுசெய்யும் அலுவலகம் சென்னை கிண்டியில்தான் இருக்கிறது. 2005இல் பதிவான மதுரைச் சுங்குடிக்கும் இதே விதி வேண்டும். ரயில்வே 2022இல் தொடங்கிய ‘ஒரு நிலையம் ஒரு பொருள்’ கடைகளில் இடைத்தரகர்களுக்குப் பதிலாகக் கைவினைஞர் குடும்பங்களே முறைவைத்து உட்கார வழிசெய்ய வேண்டும். காலுப்பூர் ரயில் நிலையத்தில் ஒரு சித்தாரா குடும்பம் உட்கார்ந்து எழுதினால், ரயிலுக்குக் காத்திருக்கும் பயணிக்கு அதைவிட நல்ல அறிமுகம் இந்த ஊரைப் பற்றிக் கிடைக்காது.

மிச்சம் வாங்குகிறவர்கள் கையில் இருக்கிறது. பத்துப் பேருக்குப் பத்துக் காந்தம் வாங்கும் காசில் ஒரு நல்ல பொருள் வாங்கலாம். ஊருக்குப் போய்ப் புழங்கக்கூடியதாகப் பார்த்து வாங்குங்கள். துணியென்றால் திருப்பிப் பாருங்கள். எங்கே செய்தது, யார் செய்தது, எத்தனை நாள் ஆயிற்று என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத கடையைவிட்டு எழுந்து வாருங்கள். பதில் சொல்கிறவரிடம் சொன்ன விலையைக் கொடுங்கள். அகமதாபாத்தில் மட்டுமல்ல, மதுரையிலும் கும்பகோணத்திலும் இதையே செய்யுங்கள்.